குரோம்பேட்டை டாக்டரின் விசாரிப்பு

"குறட்டை விடுவீங்களா?"

டாக்டர் ரோஹிணி இப்படிக் கேட்டதும் பிரசன்னா அசந்துபோனான். அவன் வந்தது வறட்டு இருமலுக்கு.

போன வாரம் தாம்பரத்தில் பார்த்த டாக்டர், அவன் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வாயைத் திறப்பதற்குள் ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் என்று எழுதித் தள்ளிவிட்டார். நமக்கு ஏதோ பெரிய வியாதி என்று பயந்துபோய்த்தான் குரோம்பேட்டையில் இந்த கிளினிக்குக்கு ஓடி வந்திருந்தான்.

"இல்ல மேடம். வீட்ல யாரும் சொன்னதில்ல."

"சிகரெட், தண்ணி?"

"ஐயோ, கிடையவே கிடையாது!"

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். "ஆமா, நெஞ்சு சுத்தமாத்தான் இருக்கு. வீட்ல யார் யாரு?"

"அப்பா, அம்மா. அக்கா கல்யாணமாகி பெங்களூர்ல இருக்காங்க."

வயதானவர்களுக்குத் தொற்றிவிடக் கூடாதே என்று கேட்கிறார். எவ்வளவு அக்கறை!

"சொந்த வீடா?"

"ஆமா மேடம், கீழ்க்கட்டளைல. மழை வந்தா சுவர்ல லேசா ஈரம் கசியும்."

சுவர் ஈரத்தால்கூட இருமல் வருமே! பிரசன்னாவுக்குப் புல்லரித்தது.

"கோபம் வருமா?"

"பி.பி. எல்லாம் நார்மல் மேடம்."

"சாப்பாடு வெளியிலயா?"

"இல்ல, நானே சமைப்பேன். சாம்பார், ரசம் நல்லா வரும்."

டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "எதுக்கும் ஒரு செகண்ட் ஒப்பீனியன் வாங்கிடலாம். என்னங்க, கொஞ்சம் கீழ வாங்க!"

மாடியிலிருந்து காய்கறிப் பையோடு ஒருவர் இறங்கி வந்தார். இவரும் டாக்டர் போலிருக்கிறது என்று பிரசன்னா மரியாதையாக எழுந்து நின்றான்.

"தம்பி, அந்தக் கதவு வரைக்கும் நடந்துட்டு வாங்க" என்றார் வந்தவர்.

நடந்தான். அவர் சுற்றிவந்து உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். "எனக்குத் திருப்தி" என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்.

பிரசன்னா நெகிழ்ந்துபோய் மறுபடி உட்கார்ந்தான். ஒரு சாதாரண இருமலுக்கு இரண்டு டாக்டர்கள்! நாளைக்கே ஆபீசில் இருக்கும் அத்தனை பேரையும் இங்கே அனுப்பிவிட வேண்டியதுதான்.

"ஒண்ணுமில்ல, தூசி அலர்ஜி. வண்டியில போறப்ப மாஸ்க் போடுங்க, வெந்நீர் குடிங்க, சரியாயிடும்."

"டெஸ்ட் எதுவும் எடுக்க வேண்டாமா மேடம்?"

"அதெல்லாம் எதுக்குத் தம்பி? ஜாதகத்தை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க, என் பொண்ணோடதுக்குப் பொருந்துதான்னு பாத்துடறேன்."