வெந்த ஈறு

"யாரும்மா இந்தக் காரியத்தைப் பண்ணது? மனுஷன்தானா அவன்?"

கேட்டுக்கொண்டே டாக்டர் ஆஷா விளக்கை இன்னும் கீழே இழுத்தாள். நாற்காலியில் சாய்ந்திருந்த ஏஞ்சலின் மேல் ஈறு முழுக்க வெள்ளையாக வெந்து, ஓரங்களில் தோல் உரிந்திருந்தது. காற்றுப் பட்டாலே அந்தப் பெண் துடித்தாள்.

பெசன்ட் நகர் குப்பத்தில் மீன் விற்கும் அவள் அம்மா பிலோமினா பக்கத்தில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தி.நகர்ல ஏதோ பார்லராம் டாக்டர். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம பல்ல வெளுக்கப் போயிருக்குது. நேத்துலேர்ந்து சோறு தண்ணி இல்லாம அழுதுகினு கீது."

"பார்லர்ல முடி வெட்டுவாங்க, முகத்துக்கு ப்ளீச் போடுவாங்க. பல்லைக் கொண்டுபோய்க் குடுப்பாங்களா? காலேஜ் படிச்ச பொண்ணுதானே நீ?"

பதில் பிலோமினாவிடமிருந்து சுள்ளென்று வந்தது.

"அவள ஏன் டாக்டர் திட்றீங்க? நகைக்கடைக்கு வேல கேட்டுப் போனா, 'எல்லாம் சரி, முன்பல்லு கறுப்பா கீது, கஸ்டமர் முன்னாடி எப்டி சிரிப்பே'ன்னு அனுப்பிச்சிட்டானுங்க. சின்னதுல படகுலேர்ந்து வுழுந்து அடிபட்ட பல்லு அது. கோட்டு மாட்டிக்கினு ஒருத்தன் நின்னா, டாக்டர்னுதான் நெனைப்பா!"

ஆஷாவின் குரல் இறங்கியது. கோபம் இறங்கவில்லை. ஈறுக்கு மெதுவாக மருந்து தடவிக்கொண்டே சொன்னாள்.

"அடிபட்டதுல இந்தப் பல்லுக்குள்ள நரம்பு செத்துப்போச்சு. வெளியில எதைத் தடவினாலும் இது வெளுக்காது. வேர் சிகிச்சை பண்ணி, உள்பக்கம் மருந்து வெச்சு வெளுக்க வைக்கணும். அப்படியும் நிறம் சேரலைன்னா மேல மெல்லிசா ஒரு உறை ஒட்டலாம்."

"சரியாயிடுமா டாக்டர்?" ஏஞ்சல் முதன்முறையாக வாய் திறந்தாள்.

"ஆயிடும். முதல்ல ஈறு ஆறட்டும். அவசரப்படக் கூடாது." ஆஷா கையுறையைக் கழற்றி வீசினாள். "அவன் தடவினது டாக்டருங்க கையில மட்டும் இருக்க வேண்டிய மருந்து. ஈறை மூடி மறைக்காம கிட்டவே கொண்டுபோகக் கூடாது. எங்கேர்ந்து திருடினானோ! யார் அவன்? பேரைச் சொல்லு."

"வேணாம் டாக்டர். தெரியாம பண்ணிட்டாரு. விட்டுடுங்க."

"தெரியாதவனுக்கு அடுத்தவங்க வாயில என்ன வேலை? இன்னும் எத்தனை பேருக்குப் பண்றான்?"

ஏஞ்சல் தயங்கினாள். "ஞாயித்துக்கிழமைன்னா கூட்டமா இருக்கும்."

அவ்வளவுதான். ஆஷாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"கூட்டமா! இன்னிக்கு உன் ஈறு. நாளைக்கு எவளோ ஒருத்தி அதை முழுங்கிட்டுத் தொண்டை வெந்து கிடப்பா. அப்பவும் தெரியாமத்தான் பண்ணேன்னு சொல்லுவானா? இவனை எல்லாம் தட்டிக் கேக்க வீட்ல ஆளே இல்லையா?"

ஏஞ்சல் நிமிர்ந்து அவளையே பார்த்தாள். கண்ணில் நீர் முட்டி நின்றது. ஈறு வலிக்கிறது போலும் என்று நினைத்த ஆஷா, செல்போனை எடுத்து இன்ஸ்பெக்டர் மெஹபூப் அலியைக் கூப்பிட்டாள். அவர் இந்த அடையாறு கிளினிக்கில் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டு போனவர்.

"சார், ஒரு கம்ப்ளெயின்ட். டாக்டர்னு ஏமாத்தி ஒருத்தன் பொண்ணுங்க வாயைப் புண்ணாக்கிட்டிருக்கான். பேர் தர்றேன், லைன்ல இருங்க." ஏஞ்சலிடம் திரும்பினாள். "எவனா இருந்தாலும் விடப்போறதில்ல. சொல்லு."

ஏஞ்சல் உதட்டைக் கடிக்கப் போய், வலியில் முகம் சுளித்தாள்.

பிலோமினா மகளின் தோளை உலுக்கினாள். "சொல்லித் தொலையேன்டி! அவனுக்கு இன்னாத்துக்கு நீ பயந்துகினு கீற?"

"பயம் இல்லம்மா." ஏஞ்சல் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆஷாவைப் பார்த்தாள். "இந்த கிளினிக் அட்ரஸ் குடுத்ததே அஸ்வின்தான் டாக்டர். 'எங்கம்மா எல்லாம் சரி பண்ணிடுவாங்க, என் பேரை மட்டும் சொல்லிடாதே'ன்னு கெஞ்சினாரு."

"பேர் என்ன டாக்டர்?" என்று போனில் கேட்டார் மெஹபூப் அலி.

"அஸ்வின்" என்றாள் ஆஷா. "வீட்டு விலாசம் சொல்றேன், எழுதிக்குங்க."