ருசி பார்க்கிற வேலை

"இது ரொம்ப அதிகம்," என்று டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை மேசைமேல் வைத்ததும் கேக் மாஸ்டர் இருக்கையின் நுனிக்கு வந்தார். பக்கத்து நாற்காலியிலிருந்து மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு தட்டு பன் கருகியிருக்கும்.

"எங்க ஒளிச்சு வச்சுத் தின்னீங்க?"

"சத்தியமா ஒரு பொடிகூட வாயில வைக்கல."

அது உண்மை. மூன்று மாதத்துக்கு முன் இதே அறையில்தான் டாக்டர் மாஸ்டரிடம் சொன்னார்: "சர்க்கரை வியாதி இன்னும் உள்ள வரல, வாசல்ல நின்னு மணி அடிக்குது. மைதாவையும் இனிப்பையும் குறைங்க. காய்கறி, பயறு, தீட்டாத தானியம்னு தட்டை மாத்துங்க. பெரும்பாலும் அப்படியே திரும்பிப் போயிடும்."

மாஸ்டரின் அண்ணனுக்கு இதே வியாதியில் இரண்டு கால்விரல்கள் போயிருந்தன. அதனால் அவர் மறுபேச்சு பேசவில்லை.

மறுநாளே மனைவி பேக்கரிக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். க்ரீமில் இனிப்பு போதுமா, கேக் நடுவில் வெந்ததா என்று நாளைக்கு இருபது தடவை நாக்கில் வைத்துப் பார்க்கிற தொழில் அவருடையது. கரண்டி வாய்க்குப் போவதற்குள் அவள் கை குறுக்கே வந்துவிடும். "குடுங்க, நான் பாத்துச் சொல்றேன்."

கடையில் அவளுக்கு 'இன்ஸ்பெக்டரம்மா' என்று பெயரே விழுந்துவிட்டது. மாஸ்டரோ அடுப்போரமாக நின்று ஆடு மாதிரி கீரையை மென்றார்.

இன்று காலை ரத்தம் எடுக்க வந்தபோதும் ஊசியைக் கண்டு அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "சின்னப் பிள்ளையாட்டம் பண்ணாதீங்க," என்று முதலில் தன் கையை நீட்டி ஊசி குத்திக்கொண்டு காட்டியவளும் அவள்தான்.

இப்போது அந்தக் கை மேசையைத் தட்டியது. "நேத்து ஏதாச்சும் தின்னிருப்பாரு டாக்டர்."

"ஒரு நாள்ல ஏறுற கணக்கு இல்லம்மா இது. மூணு மாசமா தினமும் இனிப்பு உள்ள போயிருக்கு."

"கேட்டீங்களா? தினமுமாம்."

மாஸ்டருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. "டாக்டர், மோந்து பாத்தாலே ஏறுமா? எட்டு மணி நேரம் வெண்ணெய் வாசனையிலதான் நிக்கறேன்."

"வாசனையில ஏறாது. அம்மா, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் டாக்டர். வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுட்டு மூணு மாசமா காவல் இருந்தேன். என் கண்ணுலயே மண்ணைத் தூவியிருக்காரு." அவள் மாஸ்டரைக் கைகாட்டினாள். "இவங்க அண்ணன் நொண்டி நொண்டி நடக்கறதைத் தினமும் பாக்கறேன். இவரையும் அப்படிப் பாக்கணுமா நான்?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்ததை மாஸ்டரால் தாங்க முடியவில்லை. மேலும், செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பதில் அவருக்கு முப்பது வருட அனுபவம் இருந்தது.

"தப்புதான்," என்று முனகினார். "இனிமே பேக்கரிப் பக்கமே போகல, போதுமா?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். உறையிலிருந்து இன்னொரு தாளை உருவி மாஸ்டர் பக்கம் தள்ளிவிட்டு, முதல் தாளை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தார்.

"அவர் தாராளமா போகலாம்மா. நீங்கதான் போகக் கூடாது. இது உங்க ரிப்போர்ட்."