டாட்டா

விடுமுறை முடிந்து சிறப்புப் பள்ளி திறந்த அன்றே, குட்டிக்கு இந்த ஆண்டு என்னென்ன கற்றுத் தருவது என்று திட்டம் எழுத அவன் அம்மாவை உட்கார வைத்தாள் டீச்சர். பேச்சு வராத குட்டி, சக்கர நாற்காலியில் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தான்.

"சார் வரலையா?"

"அவரால வர முடியலை டீச்சர்."

"சரி, நாமளே முடிவு பண்ணிடலாம். இந்த டாட்டா காட்டறதை மட்டும் எடுத்துடலாமா? தலைகீழா நின்னு பார்த்தாச்சு, கையைத் தூக்கவே மாட்டேங்கறான்."

அது அப்பா கேட்டு வாங்கிய இலக்கு. மற்ற பெற்றோர், பிள்ளை தானே சாப்பிட வேண்டும், சட்டைப் பொத்தான் போட வேண்டும் என்று கேட்டபோது, "நான் வேலைக்குக் கிளம்பறப்ப எனக்கு ஒரு டாட்டா, அது போதும் டீச்சர்" என்றவர் அவர். தினமும் வாசலில் நின்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டியே பஸ்ஸைத் தவறவிட்டு, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவர்.

"எடுத்துடலாம் டீச்சர்" என்றாள் அம்மா. "அவன்தான் கத்துக்கிட்டானே."

டீச்சர் துள்ளி எழுந்தாள். "நிஜமாவா! எப்போ?"

"லீவுலதான். அவர் கிளம்பறப்ப, யாரும் சொல்லாமலே கையைத் தூக்கி ஆட்டினான். தெருமுனை திரும்பற வரைக்கும் நிறுத்தவே இல்லை."

"ஐயோ, சாருக்குத் தலைகால் புரிஞ்சிருக்காதே! திரும்பிப் பார்த்தாரா?"

அம்மா, குட்டியின் மடியில் கிடந்த அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நாலு பேர் தூக்கிட்டுப் போறப்ப எப்படி டீச்சர் திரும்பிப் பார்ப்பாரு?"