சாம்பல் நிறப் பெயர்

என் மனைவி மேதினி கணினியில் வைத்திருக்கும் குறிப்புகளில் ஒவ்வொரு கோப்பின் பெயரும் ஒரு முழு வாக்கியம். 'மல்லேஸ்வரம் தையல்காரர் திங்கட்கிழமை கடை திறப்பதில்லை' என்று ஒரு கோப்பு இருக்கிறது. "'தையல் ரெண்டு'னு பேர் வெச்சா நாளைக்கு எனக்கே புரியாது" என்பாள்.

இன்னும் எழுதாத கோப்பின் பெயரையும் ஒரு குறிப்புக்குள் இணைத்து வைக்கலாம். அது சாம்பல் நிறத்தில் காத்திருக்கும். எழுதிய பிறகு நீலமாகிவிடும்.

'இப்பனி' என்ற ஒற்றைச் சொல் பெயர் மட்டும் மூன்று வருடமாகச் சாம்பலாகவே இருந்தது. கன்னடத்தில் பனித்துளி; எங்களுக்குப் பிறக்கவிருந்த மகளின் பெயர் அது. அவள் பிறக்கவில்லை. இனி முயல வேண்டாம் என்று இருவரும் பேசி முடித்துவிட்டோம்.

"அதை அழிச்சிடேன்" என்றேன் ஒருமுறை.

"இருக்கட்டும். இடத்தையா அடைக்குது?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவள் கோப்புகளை ஒழுங்கு செய்வாள். நான் அரிசி மாவில் அக்கி ரொட்டி தட்டுவேன். நேற்றும் தட்டிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

"கிரி, நீ இதுல கை வெச்சியா?"

"உன் ஃபைலைத் தொட்டா இந்த வீட்ல நான் குடியிருக்க முடியுமா?"

ரொட்டியைக் கல்லிலேயே விட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். 'இப்பனி' நீலமாக இருந்தது.

மேதினி அதைத் திறந்தாள். உள்ளே ஒரு வரி இருந்தது. 'அப்பா சுடுற ரொட்டி ஓரத்துல தீஞ்சிருக்கும், எனக்கு அதான் பிடிக்கும்.'

சமையலறையிலிருந்து தீயும் வாசனை வந்தது. நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.

அந்த வரிக்குக் கீழே இன்னொரு பெயர் சாம்பல் நிறத்தில் காத்திருந்தது.

'தம்பி.'