நல்லா இருக்கியா?

“இது யாரோட எழுத்து?”

கேட்டவர் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு அட்டைகளைப் பூக்கடை மேஜைமேல் வைத்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டையில் கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார்.

கடைக்காரம்மா நிமிர்ந்தாள். நாளைக்குக் காதலர் தினம். காலையிலிருந்து தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கண்ணாடிக் கதவெல்லாம் பனி மூடிவிட்டது. தெருவில் போகிறவர்கள் மிதந்து போவதுபோல் இருந்தது. ரோஜா வாசனையில் அவளுக்கே பாதித் தூக்கம், பாதிக் கனவு.

“ஊரெல்லாம் காதலிக்குது, நம்ம கையெல்லாம் முள்ளு” என்று பக்கத்தில் நாத்தனார் காம்பு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பதினோரு அட்டைகள். எல்லாவற்றிலும் ஒரே வரி. ‘நல்லா இருக்கியா?’ கீழே பெயர் கிடையாது.

அவளுக்குப் பகீரென்றது.

வருஷா வருஷம் இதே நாளில் ஓர் ஆண்குரல் போன் பண்ணும். ஆறு வெள்ளை ரோஜா. இந்த ஒரு வரி. ஒரு பெண்ணின் விலாசம். மறுநாள் காலை பதினோரு மணிக்கு, அவள் வீட்டில் தனியாக இருக்கும்போதுதான் கொடுக்க வேண்டும். குரல் சொல்லச் சொல்ல அட்டையில் எழுதுவது கடைக்காரம்மாதான். இந்த வருஷம் இன்னும் போன் வரவில்லை.

“உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?”

“பீரோவில, புடவைக்கு அடியில இருந்தது. என் மனைவியோட பீரோ. அட்டைக்குப் பின்னாடி உங்க கடை பேர் இருந்தது.”

நாத்தனாரின் கத்தரி நின்றது. “அண்ணி, மாட்டிக்கிட்டோம்” என்று முணுமுணுத்தாள்.

“எனக்குத் தெரியாதுங்க. எத்தனையோ பேர் வர்றாங்க, எழுதறாங்க, போறாங்க.”

“பதினோரு வருஷமும் ஒரே கைதாம்மா எழுதியிருக்கு.” அவர் கதவைக் காட்டினார். “அங்கே ‘பூவைத் தொடாதீர்கள்’னு ஒட்டியிருக்கீங்களே, அதுவும் அதே கை.”

முகம் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்தாள் கடைக்காரம்மா. இந்த மனுஷன் வீட்டுக்குப் போனதும் என்ன செய்வானோ? நம் கையெழுத்தால் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடுமோ?

“ஆமா, நான்தான் எழுதினேன்” என்றாள். “ஆனா எழுதச் சொன்னது யாருன்னு கேட்காதீங்க. தலைகீழா நின்னாலும் சொல்ல மாட்டேன். அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்லை. அவங்களை ஒரு வார்த்தை...”

“யாருன்னு நான் கேட்கவே இல்லையே.”

அவர் அட்டைகளை ஒழுங்காக அடுக்கி, மறுபடி ரப்பர் பேண்ட் போட்டார்.

“பூ அனுப்பறவரை எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் அவ என்னைக் கட்டிக்கிட்டா. இந்தப் பூ வர்ற விஷயம் மட்டும் எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும், அவ சொல்லலை. நான் வருத்தப்படுவேனாம்!” சிரித்தார். “நாளைக்கு ஒருநாள் அவ வீட்டுக்குள்ளே நடக்கறதைப் பார்க்கணும் நீங்க. கால் தரையில படாது. சாயங்காலம் குழம்புல உப்பு ரெண்டு தடவை விழுந்திருக்கும். நானும் பேசாம சாப்பிட்டுடுவேன்.”

கடைக்காரம்மா ஒரு ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“போன மாசம் அவர் தவறிட்டாரும்மா. அவளுக்கு இன்னும் தெரியாது.”

நாத்தனார் கத்தரியைக் கீழே வைத்தாள்.

“ஆறு வெள்ளை ரோஜா” என்றார் அவர். “காலையில பதினோரு மணிக்கு. நான் அப்போ ஆபீஸ்ல இருப்பேன்.”

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புது அட்டையையும் பேனாவையும் அவரிடம் நீட்டினாள்.

அவர் பதறிப்போய்க் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“ஐயையோ, நீங்களே எழுதிடுங்கம்மா. என் எழுத்துன்னா அவ கண்டுபிடிச்சுடுவா.”