காற்று இருந்தும்

செத்த இறாலின் மேலோட்டை அவள் நகத்தால் சுரண்டினாள்.

ஓடு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். ஊறிப்போன அட்டை மாதிரி கையோடு பெயர்ந்து வந்தது. அடியில் கொழகொழவென்று என்னவோ.

குளத்தில் தண்ணீரோடு காற்றைக் கலக்கும் ஏரேட்டர்கள் குறையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. தண்ணீரில் காற்று தாராளமாக இருப்பதாகத்தான் மீட்டரும் காட்டியது. இறால்களோ மூச்சு முட்டியவை போலக் கரையோரம் வந்து ஒதுங்கின. சாகிறவற்றை, இன்னும் சாகாதவை பிய்த்துத் தின்றன.

அவளுக்கு இது புதிதில்லை. நகரத்துப் பரிசோதனைக் கூடத்தில் இந்த இறால் நோயைச் சோதிப்பதுதான் அவளுக்கு வேலையே.

வெள்ளைப்புள்ளி வைரஸ் இறாலின் உயிரணுவுக்குள் புகுந்து, காற்றை உணர்கிற அதன் ஏற்பாட்டையே குழப்பிவிடும். காற்று இருந்தும் இல்லையென்று நம்பிய உயிரணு, சர்க்கரையை அள்ளி அள்ளி அரைகுறையாக எரிக்கும். அமிலம் சேரும். அந்தப் பாதி எரிந்த மிச்சத்தில் வைரஸ் தன் பிள்ளைகளைப் பெற்றுத் தள்ளும்.

கூடத்தில் பார்த்தபோது அது வியப்பாக இருந்தது. சொந்தக் குளத்தில் அருவருப்பாக மட்டுமே இருந்தது.

கணவன் மதகுத் திருகில் சாவியை மாட்டிக்கொண்டு நின்றான். மதகுக்கு வெளியே ஓடை. கடல் ஏறினால் ஒரு பக்கமும் வற்றினால் மறுபக்கமும் ஓடி, அந்த வட்டாரத்துக் குளங்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கிற ஓடை.

"யாரும் பாக்கல. இப்பவே திறந்துவிட்டுடலாம். பிளீச்சிங் பவுடர் போட்டு நோயைக் கொன்னுட்டுத்தான் திறக்கணும்னா அடுத்த குஞ்சு விடுறது தள்ளிப் போயிடும்."

"ச்சீ! நீங்கல்லாம் மனுஷங்கதானா? மத்தவங்க குளமெல்லாம் நாசமாப் போகட்டும்னா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுடைய வியர்வை வாடைகூட அவளுக்கு அப்போது சகிக்கவில்லை. இத்தனை வருஷம் இந்த ஆளோடா குடும்பம் நடத்தினோம் என்றிருந்தது.

சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஓடையின் அடுத்த வளைவில் அவளுடைய அண்ணனின் குளங்கள். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். அவள் கல்யாணத்துக்குப் பிறகுதான் தன் கல்யாணத்தைப் பற்றியே யோசித்தவர்.

திருட்டுத்தனமாக இவன் ஏற்கெனவே கொஞ்சம் திறந்துவிட்டிருந்தால்?

விரலில் ஒட்டியிருந்த வழவழப்பை உடுப்பில் துடைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, உங்க மதகை அடைச்சிடுங்க. ஓடைத் தண்ணிய உள்ள விடாதீங்க. எங்க இறாலெல்லாம் சாகுது."

"உங்க குளத்துக்கும் வந்துடுச்சா?" என்றார் அண்ணன்.

அந்த 'உம்' அவள் மண்டையில் ஏறச் சற்று நேரம் பிடித்தது.

எப்போதும் அவர் குரலுக்குப் பின்னால் இரைகிற ஏரேட்டர் சத்தம் இன்று இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"உங்க குளத்துத் தண்ணிய எங்கண்ணா விட்டீங்க?"

அண்ணன் குரலை இறக்கிக்கொண்டு, "மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாதம்மா" என்றார்.

போனை வைத்தாள்.

"என்னவாம்? உங்கண்ணன் அடைச்சிட்டாராமா?" கணவன் கேட்டான். நிஜமான அக்கறையோடுதான் கேட்டான்.

"அடைச்சிட்டாராம்."

சொன்ன வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.