இருவருக்குத் தெரிந்த பாஸ்வேர்ட்

நிர்வாகியின் மேசையில் என் கடிதம் கிடந்தது.

நான் அதை பிரிண்ட் எடுக்கவே இல்லை.

நான் எழுதியதுதானே என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை.

கண் மருத்துவமனை வரவேற்பில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். காலையில் நான், மதியத்துக்கு மேல் என்னோடு வேலை பார்க்கும் பெண். நடுவில் டாக்டர், நர்ஸ் என்று யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து தட்டுவார்கள். இதில் எதையும் திறந்துபோட்டு வைக்காதீர்கள் என்று எச்சரித்தவளே அவள்தான். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், விவரமானவள்.

அந்தக் கடிதத்துக்கென்று தனியாக ஒரு ஃபோல்டர் திறந்து, 'பழைய டோக்கன்' என்று பெயர் வைத்தாள். இந்தப் பெயருக்கு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்காது என்றாள். பாஸ்வேர்டும் அவளே போட்டாள். எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

பதினோரு நாள், ஷிப்ட் மாறும் அரை மணி நேரத்தில், நாலு நாலு வரியாக எழுதிய கடிதம். தேதி, நேரம், மருந்து வைக்கும் அறை, கதவை உள்பக்கம் தாழிட்டது யார் என்பதுவரை. என் வீட்டில்கூட மூச்சு விடவில்லை.

தாழிட்டவர்தான் எதிரே உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ராஜினாமாவை நீங்களே எழுதிக் குடுத்துட்டா, விஷயம் இந்த ரூமோட போயிடும்."

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வந்தவர் திறந்திருப்பார். இல்லை, வேறு யாரோ. அவளைத் தவிர யாராக இருந்தாலும் சரி என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"நடந்ததைத்தான் எழுதியிருக்கேன்," என்றேன்.

அவர் இன்னொரு தாளை என் பக்கம் நகர்த்தினார். கையால் எழுதியது. இரண்டு வருஷமாக ஒரே பதிவேட்டில் எழுதுகிறோம், அவள் எழுத்து எனக்குத் தெரியாதா?

பாஸ்வேர்டைத் தானே கொடுத்ததாக முதல் வரியில் இருந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன்.

'கடிதத்தில் உள்ளபடி எனக்கு எதுவும் நடக்கவில்லை. எல்லாம் அக்காவின் கற்பனை.'

பக்கத்தில் உட்கார்ந்து அவள் அழுதழுது சொன்னதைத்தான் நான் டைப் அடித்தேன்.

அந்தத் தாளிலும் என்னை அக்கா என்றே எழுதியிருந்தாள்.